கணக்கு மூளையைத் தேடியவர்

மாதப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் திரும்பி வருகின்றன. தமிழில் 70, வரலாற்றில் 65 வாங்கிய மாணவன் கணக்கில் 12 வாங்கியிருக்கிறான். "இவனுக்கு மற்றதெல்லாம் வரும்; கணக்கு மட்டும் வராது. கணக்கு மூளை இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சொல்பவர் ஆசிரியராக இருக்கலாம், பெற்றோராக இருக்கலாம், பல சமயங்களில் அந்த மாணவனே அப்படிச் சொல்லிக்கொள்கிறான். அன்று முதல் அவன் கணக்கில் முயற்சி செய்வதையே விட்டுவிடுகிறான்.

கணக்கு மூளை என்று ஒன்று உண்மையில் உண்டா? உண்டென்றால் அது சிலருக்கு மட்டுமே வாய்த்ததா? எல்லோருக்கும் பிறப்பிலேயே கிடைத்ததா? இந்தக் கேள்விகளை வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் பிரெஞ்சு நரம்பியல் விஞ்ஞானி ஸ்தனிஸ்லாஸ் தெஹேன். அவர் தேடிச் சென்ற வழியை இக்கட்டுரையில் காண்போம்.

மண்டையைத் தடவிப் பார்த்த காலம்

நாம் 'கணக்கு மூளை' என்று சொல்வதைப் போலப் பிரெஞ்சுக்காரர்களிடமும் ஒரு வழக்கு உண்டு. கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பவனைக் 'கணக்குப் புடைப்பு உள்ளவன்' என்பார்கள். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஃப்ரான்ஸ் யோசப் கால் என்ற மருத்துவர் ஒரு கொள்கையைப் பரப்பினார். மனிதனின் ஒவ்வொரு திறமைக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. திறமை மிகுந்தால் அந்த இடம் பருத்து மண்டை ஓட்டை வெளியே தள்ளும். ஆகவே தலையைத் தடவிப் பார்த்தே ஒருவருடைய திறமைகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அறிவியல் அதைப் பின்னர் ஒதுக்கித் தள்ளிவிட்டது. ஆனால் அந்தச் சொல் மட்டும் பேச்சு வழக்கில் தங்கிவிட்டது. தெஹேன் 1997இல் வெளியிட்ட தம் முதல் புத்தகத்திற்கு வேண்டுமென்றே 'கணக்குப் புடைப்பு' என்று பொருள்படும் அந்தத் தொடரையே பெயராக வைத்தார்.

கணித மாணவர் மூளைக்கு வந்த கதை

வடக்குப் பிரான்சில் பெல்ஜிய எல்லையருகே ரூபே என்ற ஊர் இருக்கிறது. நெசவாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே 1965 மே 12ஆம் நாள் தெஹேன் பிறந்தார். கணிதத்தில் தேர்ந்து, 1984இல் பாரிசில் உள்ள புகழ்பெற்ற எகோல் நார்மால் சுபீரியர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதமும் கணினி இயலும் படித்தார்.

அவரைத் திசை திருப்பியது ஒரு புத்தகம். நரம்பு உயிரியல் அறிஞர் ழான்-பியேர் ஷான்ஜூ எழுதி 1983இல் வெளிவந்த அந்த நூல், மனித மனத்தின் செயல்களையெல்லாம் நரம்பு செல்களின் வேலையாக விளக்க முடியும் என்று வாதித்தது. அதைப் படித்த கணித மாணவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. எண்களைப் பற்றி இவ்வளவு படிக்கிறோமே, அந்த எண்ணை எண்ணுகின்ற மூளை எப்படி வேலை செய்கிறது? அவர் உளவியலுக்கு மாறினார். ழாக் மேலர் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து 1989இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மேலரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் குழந்தைகளும் எண்களும் பற்றிய ஒரு பெரிய வழக்கில் அவர் முன்னரே சாட்சி சொன்னவர்.

பியாஜேயும் மிட்டாய்களும்

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜேயின் பெயரை ஆசிரியப் பயிற்சி பெற்ற அனைவரும் அறிவர். ஒரு வரிசையில் உள்ள பொருள்களை, குழந்தையின் கண்ணெதிரிலேயே இடைவெளி விட்டு அகலமாகப் பரப்பி வைத்தால், "இப்போது இதில்தான் அதிகம் இருக்கிறது" என்று நான்கைந்து வயதுக் குழந்தை சொல்லும். எண்ணிக்கை மாறவில்லை என்பது அதற்குப் புரிவதில்லை. ஆகவே ஏழு வயதை ஒட்டித்தான் எண் என்ற கருத்து குழந்தைக்கு உண்மையில் விளங்குகிறது என்று பியாஜே முடிவு செய்தார்.

1967இல் மேலரும் டாமஸ் பீவரும் இதைச் சிறிது மாற்றிச் செய்து பார்த்தார்கள். நான்கு பொருள்களைக் கொண்ட நீளமான வரிசை ஒன்று. ஆறு பொருள்களைக் கொண்ட குட்டையான வரிசை ஒன்று. களிமண் உருண்டைகளை வைத்து "எதில் அதிகம்?" என்று கேட்டபோது ஒரு பருவத்துக் குழந்தைகள் தடுமாறினார்கள். பிறகு உருண்டைகளுக்குப் பதில் மிட்டாய்களை வைத்து, "உனக்குப் பிடித்த வரிசையை எடுத்துத் தின்னலாம்" என்றார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஆறு மிட்டாய் உள்ள வரிசையைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்!

குழந்தைக்கு எண்ணிக்கை தெரியாமல் இல்லை. நாம் கேட்ட விதம்தான் அதைக் குழப்பியது என்பது மேலரின் வாதம். பெரியவர் ஒருவர் வரிசையைக் கலைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டால், வேறு விடை வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை எண்ணுவதில் வியப்பென்ன? 1992இல் அமெரிக்காவில் கேரன் வின் என்ற பெண் விஞ்ஞானி இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார். ஐந்து மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பொம்மை. அதைத் திரையிட்டு மறைத்து, இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்தார். திரையை விலக்கும்போது இரண்டு பொம்மைகள் இருக்க வேண்டும். தந்திரமாக ஒன்றை மட்டும் இருக்கச் செய்தால், குழந்தை வழக்கத்தைவிட நெடுநேரம் உற்றுப் பார்த்தது. ஏதோ தவறு நடந்திருப்பதை அது உணர்ந்திருந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

தெஹேனின் தொடக்க கால ஆராய்ச்சி பெரியவர்களைப் பற்றியது. அதை நீங்களும் உணர்ந்து பார்க்கலாம். 65ஐ விட 71 பெரியதா? 65ஐ விட 79 பெரியதா? இரண்டுக்கும் விடை ஒன்றே. பத்தின் இடத்தில் உள்ள 7ஐப் பார்த்தாலே போதும். ஆயினும் 71க்கு விடை சொல்ல மூளை சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. எண்கள் நெருங்கி இருக்க இருக்க, நேரம் கூடுகிறது. ஒற்றை இலக்க எண்களில் இந்த உண்மையை மோயர், லாண்டாவர் என்ற இரு அமெரிக்கர்கள் 1967இலேயே கண்டிருந்தனர். தெஹேன் இரட்டை இலக்க எண்களுக்கும் அது பொருந்துவதைக் காட்டினார்.

இதன் பொருள் என்ன? நாம் எண்களை வெறும் குறியீடுகளாகக் கையாள்வதில்லை. 71 என்று பார்த்தவுடன் மூளை அதை ஓர் அளவாக மாற்றிக்கொள்கிறது. இரண்டு கூடைகளில் எது கனம் என்று தூக்கிப் பார்ப்பது போல இரண்டு எண்களையும் எடை போடுகிறது. இந்த உள்ளுணர்வுக்கு 'எண்ணுணர்வு' என்று பெயரிடலாம்.

2 + 2 தெரியாத மனிதர்

மூளையில் அடிபட்டால் கணக்குப் போடும் ஆற்றல் தனியே அழிந்துபோவதுண்டு என்பதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். சுவீடன் நாட்டு மருத்துவர் சாலமன் ஹென்ஷன் 1919இல் இந்நோய்க்குப் பெயரே சூட்டியிருந்தார். தெஹேனும் அவருடைய நண்பரான நரம்பியல் மருத்துவர் லோரான் கோஹனும் 1991இல் அத்தகைய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவரை 'திரு. என்' என்று குறிப்பிட்டார்கள். மூளையின் இடப்பக்கத்தில் பெரும் சேதம் ஏற்பட்டிருந்தது.

2 + 2 எவ்வளவு என்று கேட்டால், 3 என்றார் திரு. என். ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்றால் சுமார் 350 என்றார். ஒரு மணிக்கு எத்தனை நிமிடம் என்றால் ஏறத்தாழ 50 என்றார். விடைகள் தவறு. ஆனால் எவ்வளவு நெருங்கிய தவறு என்பதைக் கவனியுங்கள். 2 + 2 = 9 என்று எழுதிக் காட்டினால், அது தவறென்று உடனே தள்ளிவிட்டார். 3, 4, 5 இவற்றுள் எது சரி என்றுதான் அவரால் சொல்ல முடியவில்லை.

துல்லியமான கணக்கு அழிந்துவிட்டது; தோராயக் கணக்கு தப்பிவிட்டது. அப்படியானால் இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகளாக இருக்க வேண்டும். இதிலிருந்து 1992இல் தெஹேன் ஒரு கொள்கையை அமைத்தார். ஓர் எண் நம் மூளையில் மூன்று வடிவங்களில் வாழ்கிறது என்பது அக்கொள்கை. 'ஐந்து' என்ற சொல் ஒன்று. '5' என்ற எழுத்து வடிவம் மற்றொன்று. ஐந்து என்ற அளவு மூன்றாவது. வாய்பாடு ஒப்பிப்பது சொல்லின் வேலை. தாளில் எழுதிப் போடுவது எழுத்தின் வேலை. விடை நம்பத்தக்கதா என்று பார்ப்பது அளவின் வேலை. மூன்றுக்கும் இடையே தடையில்லாத போக்குவரத்து இருந்தால்தான் கணக்கு வரும்.

மூளைக்குள் பார்த்தபோது

1990களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக் கழகத்தில் மைக்கேல் போஸ்னரிடம் பணிபுரிந்துவிட்டுத் தெஹேன் பிரான்சுக்குத் திரும்பினார். அந்தக் காலத்தில்தான் உயிரோடு இருப்பவரின் மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவிகள் வளர்ந்து வந்தன. 1999இல் அமெரிக்க உளவியல் அறிஞர் எலிசபெத் ஸ்பெல்கியுடனும் பிறருடனும் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ரஷிய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு ஒரு மொழியில் சில கூட்டல்களைப் பழக்கினார்கள். துல்லியமான விடையைப் பழகியவர்கள் மற்ற மொழியில் கேட்டபோது தாமதித்தார்கள். தோராய விடையைப் பழகியவர்களுக்கு எந்த மொழியில் கேட்டாலும் ஒன்றாகவே இருந்தது. ஸ்கேன் படங்களும் அதையே கூறின. துல்லியக் கணக்கின்போது மொழியோடு தொடர்புள்ள இடது முன்மூளைப் பகுதி சுறுசுறுப்படைந்தது. தோராயக் கணக்கின்போது தலையின் மேற்புறத்தில் பின்பக்கமாக இருபுறமும் அமைந்துள்ள பரைட்டல் மடல்கள் வேலை செய்தன. அந்த மடலில் ஓடும் ஒரு பள்ளத்தை ஒட்டிய பகுதிதான் எண்ணுணர்வின் இருப்பிடம் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

அது பிறவியிலேயே உண்டா? 2008இல் வெரோனிக் இசார், குழந்தை மருத்துவரும் தெஹேனின் மனைவியுமான கிஸ்லேன் தெஹேன்-லாம்பெர்ட்ஸ், தெஹேன் மூவரும் மூன்று மாதக் குழந்தைகளின் தலையில் வலை போன்ற மின்முனைத் தொப்பியை அணிவித்துப் படங்களைக் காட்டினர். ஒரே பொருள் ஒரே எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வரும். திடீரென்று எண்ணிக்கை மாறும். அப்போது வலப்புறப் பரைட்டல் பகுதி அதை உணர்ந்து காட்டியது. பேசத் தெரியாத, எண்ணத் தெரியாத பச்சிளங் குழந்தையிடமும் அந்த ஏற்பாடு இருந்தது!

அமேசான் காட்டில் ஓர் ஆய்வு

பள்ளியே இல்லாத இடத்தில் வளர்ந்தவர்களுக்கு? பிரேசில் நாட்டின் அமேசான் காடுகளில் முண்டுருக்கு என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் ஐந்துக்கு மேல் எண்ணுப் பெயர்கள் இல்லை. மொழியியலாளர் பியேர் பிக்கா கணினியைச் சுமந்துகொண்டு அங்கே சென்றார். 2004இல் அவரும் தெஹேனும் மற்றவர்களும் முடிவுகளை வெளியிட்டனர். எண்பது வரையிலான புள்ளிக் கூட்டங்களைக் காட்டி எது அதிகம் என்று கேட்டால், அம்மக்கள் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பிடத்தக்க அளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஆறு புள்ளிகளிலிருந்து நான்கை எடுத்தால் மீதி எத்தனை என்பது போன்ற துல்லியக் கணக்கில் தடுமாறினார்கள்.

2008இல் இன்னொன்று தெரிந்தது. ஒரு கோட்டின் ஒரு முனையில் 1, மறுமுனையில் 10 என்று வைத்து எண்களை இடம் குறிக்கச் சொன்னபோது, அவர்கள் சிறிய எண்களுக்கு அகலமான இடமும் பெரிய எண்களுக்கு நெருக்கமான இடமும் கொடுத்தார்கள். நடுவில் வந்தது 5 அன்று. 3 அல்லது 4. பள்ளியில் சேரும் முன்பு மேலை நாட்டுக் குழந்தைகளும் இப்படித்தான் குறிக்கிறார்கள். 8க்கும் 9க்கும் இடையே உள்ள தூரமும் 1க்கும் 2க்கும் இடையே உள்ள தூரமும் சமம் என்பதைப் பிறவி நமக்குச் சொல்லித் தரவில்லை. அதைப் பள்ளிதான் சொல்லித் தர வேண்டும்.

ஆக, அளவை உணரும் கருவி எல்லோரிடமும் உண்டு. துல்லியத்தை மனிதகுலம் சொற்களாலும் எழுத்துகளாலும் கட்டியது. எழுத்து தோன்றி சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று மூளையில் புதிய உறுப்பு முளைக்க அது போதாது. வேறு வேலைக்காக அமைந்த பகுதிகளையே கல்வி புதிய வேலைக்குத் திருப்பிக்கொள்கிறது என்று தெஹேனும் கோஹனும் 2007இல் எழுதினார்கள்.

இங்கே சொற்களுக்கும் பங்கு உண்டு. 97ஐப் பிரெஞ்சு மொழியில் 'நான்கு இருபது பதினேழு' என்கிறார்கள். அக்குழந்தையின் பாடு திண்டாட்டம்தான். நம் மொழியில் 'இருபத்தொன்று' என்றால் இரண்டு பத்தும் ஒன்றும் என்பது செவிக்கே புலப்படுகிறது. ஆனால் 90ஐத் 'தொண்ணூறு' என்கிறோம். அதில் நூறு ஒலிக்கிறது. 900ஐத் 'தொள்ளாயிரம்' என்கிறோம். அதில் ஆயிரம் ஒலிக்கிறது. நம் குழந்தை அங்கே தடுமாறினால் குற்றம் குழந்தையினுடையது அன்று.

தடை எங்கே இருக்கிறது?

கணக்கில் மட்டும் மிகவும் பின்தங்கும் குழந்தைகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற ஸ்லோவாக்கிய அறிஞர் 1974இல் பிராட்டிஸ்லாவா நகரில் ஆராய்ந்து, நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்கு இந்தக் குறை இருப்பதாக எழுதினார். இதை டிஸ்கால்குலியா என்கிறார்கள். சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ வருவதன்று இது.

இவர்களிடம் பழுதுபட்டது எது? எண்ணுணர்வே பழுது என்று முதலில் கருதினார்கள். தெஹேனும் ஆனா வில்சனும் அதற்கென ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். இரண்டு குவியல்களில் பெரியதைத் தேர்ந்தெடுத்துக் கட்டங்களில் காயை நகர்த்தும் ஆட்டம் அது. 2006இல் வெளியான முதல் சோதனையில் ஒன்பது குழந்தைகள் கலந்துகொண்டு சிறிது முன்னேற்றம் கண்டனர். ஆனால் இத்தகைய விளையாட்டினால் ஒப்பிடும் திறமை வளர்வதும், அது தானாகவே பள்ளிக் கணக்குக்குப் பரவாமல் இருப்பதும் பின்னர் தெரிந்தன.

இதற்குத் தெளிவான சான்று நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. தில்லியில் 1,540 பாலர் பள்ளிக் குழந்தைகளோடு ஸ்பெல்கியும் பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோவும் பிறரும் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. எண்ணிக்கை, வடிவம் பற்றிய விளையாட்டுகளை விளையாடியவர்களிடம் உள்ளுணர்வு ஓராண்டுக்குப் பிறகும் கூர்மையாகவே இருந்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. விளையாட்டையும் பள்ளியின் எண்ணெழுத்துகளையும் யாரும் அவர்களுக்கு இணைத்துக் காட்டவில்லை.

2007இல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வும் இந்த இடத்தையே சுட்டியது. கணக்கில் பின்தங்கிய குழந்தைகள் கோடுகளின் கூட்டங்களை மற்றவர்களைப் போலவே ஒப்பிட்டார்கள். எண்ணெழுத்துகளை ஒப்பிடும்போதுதான் பின்தங்கினார்கள். பல குழந்தைகளிடம் அளவும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. இடையே உள்ள பாலம் உறுதியாக இல்லை என்று இதைக் கொள்ளலாம். அறிஞர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் நம்பிக்கை தரும் ஒரு செய்தி உண்டு. 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தின் வினோத் மேனன் குழுவினர், கணக்கில் பின்தங்கிய ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மதிப்பெண் மட்டும் உயரவில்லை. கணக்குப் போடும்போது அவர்கள் மூளை வேலை செய்த விதமே மற்றக் குழந்தைகளுடையதைப் போல மாறியிருந்தது.

25 லட்சம் குழந்தைகள் சொன்ன பாடம்

2005இல் கொலேஜ் து பிரான்ஸ் என்ற உயர் கல்வி நிறுவனத்தில் பேராசிரியரான தெஹேன், 2014இல் மூளை ஆராய்ச்சிக்கான 'பிரெயின்' பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். 2018இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் அமைத்த அறிவியல் குழுவின் தலைவரானார். பள்ளிகளில் கணக்கு நிலை தாழ்ந்து வருவதைப் பிரான்ஸ் கவலையோடு பார்த்த நேரம் அது. முதல் வகுப்பில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் நாடு முழுவதும் ஒரே மாதிரித் தேர்வு வைக்கப்பட்டது. மீண்டும் சில மாதங்கள் கழித்தும், ஓராண்டு கழித்தும் தேர்வு நடந்தது.

நான்கு ஆண்டுகளில் சேர்ந்த 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் முடிவுகளைத் தெஹேனும் பிறரும் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டனர். பள்ளியில் சேரும் நாளில் ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் கணக்கில் ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர். நான்கே மாதங்களில் பெண் குழந்தைகள் பின்தங்கத் தொடங்கினர். ஓராண்டில் இடைவெளி மேலும் விரிந்தது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி, ஒவ்வோர் ஆண்டும் இதுவே நடந்தது. வயது ஏறுவதால் அன்று, பள்ளியில் கழித்த காலம் ஏறுவதால் இடைவெளி வளர்ந்தது என்பதையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆறு வயதுச் சிறுமியின் மூளை நான்கு மாதத்தில் மாறிவிடவில்லை. அவளைச் சுற்றிய பெரியவர்களின் பார்வையும், "கணக்கு பெண்களுக்கு வராது" என்ற பழம்பேச்சும், அவசர அவசரமாகக் கேட்கப்படும் கேள்விகளும், தவறு செய்தால் வரும் அச்சமும் அவளைத் தொட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும், அது பள்ளிக்கு வந்த பிறகே வேலை செய்யத் தொடங்கியது.

கணக்கு மூளையைத் தேடிப் புறப்பட்டவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மண்டை ஓட்டின் புடைப்பில் அது இல்லை. மூன்று மாதக் குழந்தையிடமும், அமேசான் காட்டுக் குடியானவரிடமும், 2 + 2ஐ மறந்துபோன நோயாளியிடமும் அது இருந்தது. கணக்கில் 12 வாங்கிய மாணவனிடமும் அது இருக்கிறது.

அடுத்த முறை அவன் விடைத்தாளைப் பார்க்கும்போது, தீர்ப்புச் சொல்லும் முன் அவனை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பிடி புளியங்கொட்டையைத் தரையில் பரப்புங்கள். எண்ணாமலே எத்தனை இருக்கும் என்று கேளுங்கள். பிறகு பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஊகித்த எண்ணையும் எழுதிய எண்ணையும் அவனே ஒப்பிடட்டும். அளவு, சொல், எழுத்து மூன்றும் அவன் கையருகில் ஒன்றுசேரும். பாலம் கட்டும் வேலை அங்கே தொடங்குகிறது.